முள் பார்த்ததும் செவி கேட்டதும்

ஒலிப்பதிவின் வரலாறு: பகுதி 17

டெசிபெல் என்ற அலகு தொலைபேசிக் கம்பிகளில் பிறந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அலகு கையில் கிடைத்த பிறகு, அதைக்கொண்டு ஒலியில் எதை அளப்பது என்ற கேள்வி எழுந்தது. 1938, 1939 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் அதற்கு இரண்டு விடைகள் வந்தன. லண்டனில் பி.பி.சி. பொறியாளர்கள் ஒரு மீட்டரைச் செய்தார்கள்; அமெரிக்காவில் இரண்டு வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து இன்னொன்றைச் செய்தன. ஒரே பாட்டை ஒரே கம்பியிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டு முள்ளும் வேறு வேறு இடத்தில் நிற்கும். இரண்டிலும் பழுதில்லை. மீட்டரைச் செய்கிறவர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்களோ அதற்கேற்பத்தான் முள் அசைகிறது. அடுத்த எழுபது ஆண்டுகளும் அது காப்பாற்றியது இயந்திரத்தை. கேட்கிறவரின் செவி அந்தக் கணக்கில் சேரவே இல்லை. பாட்டும் விளம்பரமும் ஆண்டுக்கு ஆண்டு உரத்துக்கொண்டே போனதற்கு வணிகப் போட்டியைக் குறை சொல்வது வழக்கம். அந்தப் போட்டிக்குக் களம் அமைத்துத் தந்தது மீட்டர்தான் என்பது என் வாதம்.

அமெரிக்காவில் சிக்கல் தொடங்கியது நிகழ்ச்சி கைமாறும் இடத்தில். என்.பி.சி., சி.பி.எஸ். இரண்டின் நிகழ்ச்சிகளும் தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகள் வழியாகத்தான் நாடெங்கும் இருந்த நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வழிநெடுகப் பொறியாளர்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய மீட்டர் வேகமானது, இன்னொருவருடையது மந்தமானது. பூஜ்யம் என்று எதைக் கொள்வது என்பதிலும் ஒற்றுமை இல்லை; ஒரு மில்லிவாட் என்றவர்களும் உண்டு, ஆறு மில்லிவாட் என்றவர்களும் உண்டு. சரியான அளவில்தான் அனுப்பினோம் என்று இந்த முனையும், குறைவாகத்தான் வந்தது என்று அந்த முனையும் சொன்னால் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. 1938-ல் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஆய்வைத் தொடங்கி, 1939 மே மாதம் பொதுவான மீட்டர் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சி.பி.எஸ்ஸின் ஹோவர்ட் சின், பெல் ஆய்வுக்கூடத்தின் கேனட், என்.பி.சி.யின் ராபர்ட் மாரிஸ் மூவரும் 1940 ஜனவரியில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் அதை விளக்கி எழுதினார்கள். 600 ஓம் மின்தடையில் ஒரு மில்லிவாட், அதாவது 0.775 வோல்ட், அடிப்படை அளவானது. மீட்டருக்கு வி.யு. என்று பெயர் வந்தது.

அதன் உள்ளமைப்பு மிக எளிது. மாறுமின்னோட்டத்தை நேராக்க ஒரு தாமிர ஆக்ஸைடு மின்திருத்தி, பிறகு ஒரு காந்தத்தின் நடுவே இயங்கும் சுருள், அதில் ஒட்டிய முள். வால்வு கிடையாது, தனி மின்சாரம் தேவையில்லை. எளிமை வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. நூற்றுக்கணக்கான இடங்களில் வைக்கவேண்டிய கருவி ஒவ்வொன்றும் ஒன்றுபோலவே காட்டவேண்டும். நிலையான ஒலி ஒன்றைக் கொடுத்தால் முள் 300 மில்லிவினாடியில் தன் இடத்தின் 99 விழுக்காட்டை எட்டவேண்டும். இடத்தைத் தாண்டி ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடுதான் துள்ளலாம். இவ்வளவு நிதானமான முள்ளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட கம்பியில் போகும்போது வெவ்வேறு அதிர்வெண்கள் சற்றே முன்பின்னாக வந்து சேரும். அதனால் அலையின் வடிவம் மாறி, உச்சியின் உயரமும் மாறிவிடும். சராசரி ஆற்றல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். உச்சியைக் காட்டும் மீட்டர் கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு விதமாகக் காட்டும், சராசரியைக் காட்டும் மீட்டர் ஒன்றாகக் காட்டும். கைமாறும் இடத்துச் சச்சரவைத் தீர்க்க வந்தவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது. அதற்கு விலையும் கொடுத்தார்கள். மிருதங்கமோ டிரம்மோ எழுப்பும் ஓர் அடியின் உச்சி, முள் எழுவதற்குள் வந்து போய்விடும். முள் காட்டுவதற்கு மேலே பத்து டெசிபெல்லும் அதற்கு அதிகமாகவும் உச்சிகள் இருக்கலாம் என்று கணக்கில் வைத்து, அந்த இடைவெளியைப் பொறியாளர் காலியாக விட்டுவைக்க வேண்டியிருந்தது.

பி.பி.சி.யின் கவலை வேறு. அங்கே கண் முன்னால் நின்றது டிரான்ஸ்மிட்டர். மத்திய அலை ஒலிபரப்பில் சிக்னலின் உச்சி அனுமதித்த எல்லையைத் தாண்டினால் சுமந்து செல்லும் அலை அறுந்து, ஒலி சிதையும். பக்கத்து அலைவரிசையிலும் இரைச்சல் தெறிக்கும். ஆகவே சராசரியைக் காட்டும் கருவி அவர்களுக்குப் போதவில்லை. சி. ஜி. மேயோ முதலான பொறியாளர்கள் 1938-ல் வடிவமைத்த மீட்டரை உச்ச நிகழ்ச்சி மீட்டர், சுருக்கமாக பி.பி.எம்., என்றார்கள். வால்வுகளின் உதவியோடு சிக்னல் ஒரு மின்தேக்கியைச் சட்டென்று நிரப்பும். அது மெதுவாக வடியும். முள் விருட்டென்று ஏறி, நிதானமாக இறங்கும். பின்னாளில் வகுத்த தரப்படி, 24 டெசிபெல் இறங்க 2.8 வினாடி. ஏறியதைக் கண் வாசிக்க அவகாசம் கிடைக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை முள், 1 முதல் 7 வரை வெறும் எண்கள். மணிக்கணக்கில் பார்க்கும் கண் களைக்காமல் இருக்க இதைவிடக் கச்சிதமான முகப்பு பிறகும் வரவில்லை என்றே நினைக்கிறேன். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று: இதுவும் உண்மையான உச்சியைக் காட்டவில்லை, காட்ட விரும்பவும் இல்லை. சுமார் பத்து மில்லிவினாடியாவது நீடிக்கும் உச்சிதான் அதில் ஒழுங்காகத் தெரியும். அதைவிடக் குறுகிய சிதைவைச் செவி பொருட்படுத்தாது என்பதால், அதற்காக முழு நிகழ்ச்சியின் அளவையும் தாழ்த்துவது வீண் என்று முடிவெடுத்தார்கள். ஜெர்மானியர்கள் அதே கேள்விக்கு ஐந்து மில்லிவினாடி என்று விடை சொன்னார்கள். பின்னாளில் சர்வதேசத் தரம் வகுத்தபோது இரண்டையும் முதல் வகை, இரண்டாம் வகை என்று அருகருகே வைத்தார்கள்.

செவி உரப்பை எப்படி உணர்கிறது என்பது அப்போது தெரியாத விஷயம் அல்ல. வி.யு. மீட்டருக்கு ஆறு ஆண்டு முன்பே, 1933-ல், அதே பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் சம உரப்பு வளைகோடுகளை வெளியிட்டிருந்தார்கள். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல்லாக ஒலிக்கும் ஒரு சுரத்துக்குச் சமமாக 100 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கவேண்டுமானால் அதற்கு இருபது டெசிபெல்லுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். சில மில்லிவினாடியே நீடிக்கும் ஒலி, அதே அளவில் கால் வினாடி நீடிக்கும் ஒலியைவிட மெல்லியதாகக் கேட்கும். வி.யு. மீட்டரும் பி.பி.எம்மும் தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் ஒரே தராசில் போட்டன. அன்றைய பொறியாளர்கள்மீது இதற்காக நான் பழி சொல்லமாட்டேன். மீட்டருக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒரு மனிதர் ஒலிபெருக்கியைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். உரப்பைப் பார்த்துக்கொள்வது அவர் காது, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது முள். பேச்சை எந்த எண்வரை ஏற்றலாம், இசையை எதுவரை என்று பி.பி.சி. தனித்தனி வழிகாட்டலே வைத்திருந்தது. இந்தப் பங்கீடு, மேசையில் இருந்தவருக்குத் தன் தீர்ப்பைப் பயன்படுத்தச் சுதந்திரம் இருந்தவரை ஓடியது.

அந்தச் சுதந்திரம் போனபோது முள் மட்டும் எஞ்சியது. பண்பலை ஒலிபரப்பில் சட்டம் அனுமதிப்பது அதிர்வெண் விலகலின் உச்சியை மட்டும்: இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ். உச்சியைத் தாண்டாமல் சராசரியை எவ்வளவு உயர்த்தினாலும் சட்டம் கேட்காது. 1975-ல் ராபர்ட் ஆர்பன் கொண்டுவந்த ஆப்டிமாட் என்ற கருவியும் அதன் பின்னால் வந்தவையும், உச்சிகளை அழுத்திப் பிடித்து மற்ற எல்லாவற்றையும் மேலே தூக்கின. டயலைத் திருப்பும்போது பக்கத்து நிலையத்தைவிட நம் நிலையம் ஓங்கிக் கேட்கவேண்டும் என்ற ஆசைக்குச் சட்டத்தின் மீட்டரே வழிவிட்டது. இதற்கு நேர்மாறான சான்று ஐரோப்பாவில் இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 412 என்ற பரிந்துரை, எந்த 60 வினாடியை எடுத்தாலும் பண்பலைச் சிக்னலின் சராசரி ஆற்றல், 19 கிலோஹெர்ட்ஸ் விலகலுள்ள ஒற்றைச் சுரத்தின் ஆற்றலைத் தாண்டக்கூடாது என்கிறது. அண்டை நிலையங்களுக்கு இடையூறு வராமலிருக்க எழுதப்பட்ட விதி அது. ஆனால் அதைக் கட்டாயமாக்கிய நாடுகளில், அழுத்தி உரக்கச் செய்வதால் கிடைத்த லாபம் பெருமளவு குறைந்துபோனது. வானொலி முதலாளிகளின் ஆசை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மாறியது, அவர்கள் எதைத் தாண்டக்கூடாது என்று அளக்கப்பட்டது என்பதே.

தொலைக்காட்சி விளம்பரத்தின் கதையும் இதே பாதையில் போனது. அமெரிக்காவில் புகார்கள் குவிந்ததால் மத்தியத் தொடர்பு ஆணையம் 1965-ல் உரத்த விளம்பரங்கள் குறித்துக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. விளம்பரங்கள் மீட்டர்ப்படி வரம்புக்குள்தான் இருந்தன. ஆனாலும் மக்கள் எழுந்துபோய் ஒலியைக் குறைத்தார்கள். சி.பி.எஸ். ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் பாவரும் எமில் டாரிக்கும் செவியின் வளைகோடுகளைக் கருவிக்குள் கொண்டுவர முயன்று, ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து எடைபோடும் உரப்பு மீட்டரை அந்தப் பத்தாண்டிலேயே செய்துகாட்டினார்கள். நல்ல கருவி, ஆனால் எந்த விதியும் அதைக் கேட்கவில்லை, ஆகவே அதைப் பார்த்து ஒலியைத் தாழ்த்தும் கட்டாயம் யாருக்கும் இல்லை. புறவயமான அளவுகோல் வகுப்பது கடினம் என்ற காரணத்தோடு ஆணையம் 1984-ல் உரத்த விளம்பரங்கள் குறித்த விசாரணையை முடித்துக்கொண்டது. இந்தியாவிலும் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994-ன் விளம்பர நெறிகளில் விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிகையாக உரத்திருக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. மிகை என்றால் எவ்வளவு, எந்த மீட்டரில் என்ற குறிப்பு அதில் இல்லை. எண் இல்லாத விதியை மீறியதாக யார்மீது வழக்குத் தொடுப்பது?

1982-ல் குறுந்தட்டு வந்ததும் மீட்டர் இன்னொரு முறை மாறியது. காந்த நாடா அளவு மீறினால் சிறிது சிறிதாகச் சிதையும். பொறியாளருக்கு அது எச்சரிக்கை மணி. டிஜிட்டலில் அப்படி இல்லை. 16 பிட் எண்ணில் 65,536 படிகள். மேல்படிக்கு மேல் எதுவும் கிடையாது, அலை அங்கே தட்டையாக வெட்டப்படும். ஆகவே டிஜிட்டல் மீட்டர் கண்ணும் கருத்துமாக ஒன்றையே பார்த்தது: எந்த மாதிரியாவது உச்சப் படியைத் தொட்டுவிட்டதா? உச்சப் படிக்குப் பூஜ்யம் என்று பெயர். மற்ற எல்லாம் அதற்குக் கீழே எதிர்மறை எண்கள். வி.யு. மீட்டரின் பூஜ்யம் வேலை செய்யவேண்டிய இடம், டிஜிட்டல் பூஜ்யம் முட்டக்கூடாத இடம். ஆனால் முகப்பில் பூஜ்யத்தைப் பார்த்தால் அதுவரை நிரப்பவேண்டும் என்று கைக்குத் தோன்றிவிட்டது. 1994-ல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 போன்ற முன்னோக்கி லிமிட்டர்கள் வந்தபின், வரப்போகும் உச்சியை முன்கூட்டியே பார்த்துத் தாழ்த்தி, பாட்டு முழுவதையும் பூஜ்யத்தின் அருகே ஒட்டவைக்க முடிந்தது. மீட்டரில் ஒரு விதிமீறலும் தெரியாது. 1995-ல் ஒயாசிஸ், 1999-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், 2008-ல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ என்று ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிட நசுங்கி வந்தது. அதே மெட்டாலிகா பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுங்காத வடிவில் வெளியானதால், ரசிகர்கள் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுக் குமுறினார்கள். டிரம்மின் அடி அடியாகக் கேட்காமல் உறுமலாகக் கேட்டது.

இவ்வளவு கெடுபிடியாக உச்சியைக் காத்த அந்த மீட்டர், உச்சியையாவது சரியாகக் காத்ததா என்றால் அதுவும் இல்லை. மாதிரிகள் அலையின் மேல் குத்திய புள்ளிகள். அலையின் சிகரம் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இருக்கலாம். மாதிரி எடுக்கும் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்ணுள்ள சுரத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் ஒவ்வொரு முறையும் சிகரத்திலிருந்து 45 பாகை தள்ளி விழுந்தால், எல்லாப் புள்ளியும் சிகரத்தின் 0.707 பங்கு உயரத்திலேயே நிற்கும். புள்ளிகளைப் பூஜ்யம்வரை உயர்த்திவிட்டால், ஒலிபெருக்கிக்குப் போகும் உண்மை அலை மூன்று டெசிபெல் மேலே ஏறி நிற்கும். மீட்டர் பச்சை விளக்குக் காட்டும்போதே வீட்டுக் கருவியில் சிதைவு நடக்கும். டென்மார்க்கின் டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனத்தின் தாமஸ் லுண்ட், சோரன் நீல்சன் முதலானோர் 2000-ஆம் ஆண்டிலிருந்து இதை அளந்து எழுதினார்கள். இடைவெளியில் கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பி, நான்கு மடங்கு நெருக்கமாகப் பார்க்கும் உண்மை உச்ச மீட்டர் இதன் விளைவாகத் தரங்களுக்குள் வந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேராக எதிர்கொள்ளவேண்டும். உரப்புப் போட்டி டிஜிட்டலுக்கு முன்பே இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஜூக்பாக்ஸில் எடுப்பாக ஒலிக்க 45 சுழற்சி இசைத்தட்டுகளைச் சத்தமாக வெட்டினார்கள். மனிதர்களின் ஆசை பழையது. மீட்டரைக் குற்றவாளியாக்குவது ஏன்? ஆசை பழையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசைத்தட்டில் உரப்புக்கு விலை இருந்தது: சத்தம் கூடினால் பள்ளம் அகலும், பாட்டின் நேரம் குறையும், எல்லை மீறினால் ஊசி தாவும். சராசரியை உயர்த்தினாலே இந்த விலை கூடும், உச்சியை மட்டும் தாழ்த்தித் தப்பிக்க முடியாது. குறுந்தட்டில் அந்த விலை இல்லாமல் போய், தடை என்று எஞ்சியது உச்ச மீட்டர் ஒன்றே. இன்னொரு மறுப்பு பிரிட்டனிலிருந்து வரும்: பி.பி.எம். வைத்திருந்த பி.பி.சி.யில் போட்டி நடக்கவில்லையே என்று. அங்கே விளம்பரதாரர் இல்லை. 1955-ல் விளம்பர வருமானத்தில் ஐ.டி.வி. தொடங்கிய பிறகு, அதே வகை மீட்டர் இருந்த நாட்டிலேயே விளம்பரச் சத்தம் குறித்த புகாரும் தொடங்கியது. மேசையில் இருப்பவரின் காதுக்கும் நிறுவனத்தின் நோக்கத்துக்கும் முரண் இல்லாத இடத்தில் எந்த மீட்டரும் போதும். முரண் வந்த இடத்தில்தான் மீட்டர் எதைப் பார்க்கிறது என்பது தீர்மானிக்கிறது.

செவியின் பக்கம் நிற்கும் மீட்டரை உருவாக்கும் வேலை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நடந்தது. ஆட்டவாவிலுள்ள கனடிய அரசின் தொடர்பு ஆய்வு மையத்தில் கில்பர்ட் சூலோத்ர் பொறுப்பேற்ற சோதனை, எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசும் குரலை நிலையான அளவில் வைத்து, ஒலிபரப்பிலிருந்து எடுத்த துணுக்குகளை அதற்குச் சமமாகக் கேட்கும்வரை கேட்பவர்கள் கூட்டிக் குறைக்கவேண்டும். ஐந்து இடங்களில் மனிதர்கள் கேட்டுச் சொன்ன விடைகளோடு, ஏழு நிறுவனங்கள் அனுப்பிய பத்து மீட்டர்களின் விடைகளை ஒப்பிட்டார்கள். செவியின் உள்ளமைப்பையே கணக்கில் வார்த்த நுட்பமான மாதிரிகள் அவற்றில் இருந்தன. சூலோத்ர் ஒப்பீட்டுக்காகச் சேர்த்த மிக எளிய கணக்கொன்று அவற்றையெல்லாம் முந்தியது: தாழ்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் வடிகட்டு, மீதி ஆற்றலின் சராசரியை எடு. தலையின் வடிவத்தால் உயர்ந்த சுரங்கள் சற்று ஓங்குவதை ஈடுகட்ட, ஏறத்தாழ நான்கு டெசிபெல் ஏற்றும் இன்னொரு வடிகட்டியும் சேர்ந்தது. மனிதத் தீர்ப்போடு அது கொண்ட ஒட்டுறவு, எல்லாச் சோதனைகளையும் சேர்த்து 0.977. அதுவே 2006-ல் பி.எஸ். 1770 என்ற பரிந்துரையானது. ஆய்வக ஒற்றைச் சுரங்களை விட்டு, மக்கள் உண்மையில் கேட்கும் ஒலியையும் அவர்களுடைய தீர்ப்பையும் உரைகல்லாக வைத்ததுதான் அந்த வெற்றிக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

எளிய சராசரியில் ஓர் ஓட்டை இருந்தது. முப்பது வினாடி விளம்பரத்தில் இருபது வினாடி மௌனமாக இருந்துவிட்டுப் பத்து வினாடி அலறினால் சராசரி வரம்புக்குள் வந்துவிடும். இதை அடைத்தது, ஃப்ளோரியன் காமரர் தலைமையில் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் குழு வகுத்த வாயில் முறை. ஒலியை 400 மில்லிவினாடித் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வெட்டுவார்கள். அறவே மௌனமான துண்டுகளைத் தள்ளிவிட்டு ஒரு சராசரி காண்பார்கள். அந்தச் சராசரிக்குப் பத்து உரப்பு அலகுக்கும் கீழே இருக்கும் துண்டுகளையும் தள்ளிவிட்டு மறுபடி காண்பார்கள். மௌனத்தைச் சேமித்துவைத்து அலறலுக்குச் செலவழிக்க முடியாது. இந்த வாயில் முறை 2011-ல் சர்வதேசப் பரிந்துரைக்குள்ளும் நுழைந்தது. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை, நிகழ்ச்சியானாலும் விளம்பரமானாலும் உரப்பு எதிர்மறை 23 அலகில் நிற்கவேண்டும், உண்மை உச்சம் எதிர்மறை ஒரு டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்றது. இயந்திரத்தைக் காக்கும் எண்ணும் செவியைக் காக்கும் எண்ணும் தனித்தனியே ஒரே தாளில் எழுதப்பட்டன. அமெரிக்காவில் ஆனா எஷூ முன்னின்று கொண்டுவந்த விளம்பர உரப்புச் சட்டம் 2010 டிசம்பரில் கையெழுத்தாகி, எதிர்மறை 24 என்ற தரத்துடன் 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. 1984-ல் முடியாது என்று கைவிட்டதை இப்போது செய்ய முடிந்தது, எண் கிடைத்ததால்.

புதிய மீட்டரையும் ஏமாற்றுகிறார்களே என்று கேட்கலாம். ஏமாற்றுகிறார்கள். குறுகிய விளம்பரத்தில் கடைசி மூன்று வினாடியை வெடிக்கவைப்பது இன்னும் சாத்தியம் என்பதால், மூன்று வினாடி உரப்புக்குத் தனி உச்சவரம்பு வைத்து ஆர் 128-க்குத் துணைப்பரிந்துரை எழுத நேர்ந்தது. அமெரிக்கச் சட்டம் இணைய ஓடைகளைத் தொடவில்லை. கலிஃபோர்னியா 2025-ல் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இசையில் நிலைமை இன்னும் கலங்கல்தான். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாடல்களை எதிர்மறை 14 அலகுக்குச் சமன்படுத்தி ஒலிக்கின்றன; அங்கே நசுக்கிய பாட்டு தாழ்த்தப்படும், நசுக்காத பாட்டின் டிரம் அடி அதைவிட உயிரோடு எழும். இருந்தும் ஸ்டுடியோக்கள் இன்றும் எதிர்மறை 8, 7 என்று அனுப்புவது நின்றபாடில்லை. சமன்படுத்தலைக் கேட்பவர் அணைத்துவிடலாம் என்பதும், அனுமதி தரும் தயாரிப்பாளர் சமன் செய்யாத கோப்பைத்தான் கேட்கிறார் என்பதும் காரணங்கள். இது என் வாதத்தைக் குலைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செவி மீட்டர் கட்டாயமான தொலைக்காட்சியில் நசுக்குவதற்கு லாபம் போய்விட்டது. அது விருப்பத்துக்கு விடப்பட்ட இசையில் பழைய பழக்கம் பாதி உயிரோடு இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு, ஒரு முழு நிகழ்ச்சிக்கு ஒற்றை எண் நியாயமா என்பது. இரண்டு மணி நேரப் படத்தில் கிசுகிசுப்பும் உண்டு, குண்டுவெடிப்பும் உண்டு. வெடி அதிகமுள்ள படத்தின் வசனம், சராசரியைச் சமன் செய்யும்போது கீழே அமுங்கிப்போகும். நெட்ஃபிளிக்ஸ் இதனால்தான் முழு ஒலியை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் அளந்து, அது எதிர்மறை 27-ல், இரண்டு அலகு கூடக்குறைய நிற்கவேண்டும் என்கிறது. இங்கே மீட்டர் மறுபடி ஒரு தேர்வைச் செய்திருக்கிறது: படத்தில் காக்கவேண்டியது மனிதக் குரல். பேருந்திலும் காரிலும் கேட்பவருக்கு மெல்லிய பகுதி கேட்காதே என்ற குறையும் உண்மைதான். ஆனால் அதற்கான அழுத்தத்தைக் கேட்பவரின் கருவி செய்துகொள்ளலாம். டால்பி டிஜிட்டல் ஒலி தொண்ணூறுகளிலிருந்தே அப்படி அழுத்துவதற்கான குறிப்புகளைத் தன்னோடு சுமந்து வருகிறது. பதிவிலேயே நசுக்கிவிட்டால், அமைதியான அறையில் கேட்பவருக்கு அதை விரித்துக் கொடுக்க எந்தக் கருவியாலும் முடியாது.

வீட்டில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் கையில் இருக்கிறது. இருட்டில் நூறு பேரோடு உட்கார்ந்திருப்பவரிடம் அது இல்லை. திரையரங்குக்கென்று ஹாலிவுட் 85 டெசிபெல் என்ற அளவை எப்படி வகுத்தது, முன்னோட்டப் படங்கள் அதை எப்படி உடைத்தன, உடைத்த பிறகு வேறொரு மீட்டரைத் தேடி அந்தத் தொழில் எங்கே போனது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)